முதலைத் தின்னும் சிலந்திகள்

தலைப்பைப் பார்த்துவிட்டு, அமேசான் காட்டில் முதலையைப் பிடித்துத் தின்கிற ராட்சதச் சிலந்தி ஏதோ இருக்கிறது போலிருக்கே என்று ஓடி வந்தவர்கள் மன்னிக்கவும். இது தண்ணீரில் கிடக்கிற முதலை இல்லை. கணக்குப் புத்தகத்தில் கிடக்கிற முதல். காமர்ஸ் படிக்கிறவர்கள் 'கேபிடல், கேபிடல்' என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன அதே முதல்தான். இந்தப் பதிவின் நாயகியோ வெறும் ஐந்து மில்லிமீட்டர் நீளம். முதலையின் பல் இடுக்கில் குடித்தனம் நடத்தலாம் :-)

ஆனால் அவள் தனியாகக் குடித்தனம் நடத்துகிறவள் இல்லை. ஒரே வலையில் அவளோடு இன்னும் ஆயிரம் பேர் இருப்பார்கள். சில வலைகளில் பத்தாயிரக்கணக்கில். அவ்வளவு பேரும் கிட்டத்தட்ட அக்கா தங்கைகள். அவர்கள் சேர்ந்து எப்படிப் பிழைக்கிறார்கள், அந்தப் பிழைப்புக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் இந்தப் பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கொஞ்சம் உயிரியல், கொஞ்சம் கணக்குப் பதிவியல் இரண்டும் வரும்.

மரத்தில் தொங்கும் ஊர்

அறிவியல் பெயர் அனெலோசிமஸ் எக்ஸிமியஸ். வாயில் நுழையாதவர்கள் 'கூட்டுச் சிலந்தி' என்று வைத்துக்கொள்ளலாம். பனாமாவில் தொடங்கி ஈக்வடார், பெரு, பிரேசில், பிரெஞ்சு கயானா என்று தென் அமெரிக்காவின் மழைக்காடுகளில் பரவியிருக்கிறது.

இதன் வலை, வீட்டு மூலையில் ஒட்டடைக் குச்சிக்குப் பயந்து தொங்கும் வலை மாதிரி இருக்காது. சக்கரம் மாதிரி வட்டமாகவும் இருக்காது. கீழே தொட்டில் மாதிரியோ பெரிய கூடை மாதிரியோ ஒரு நெருக்கமான விரிப்பு. அதற்கு மேலே, மரக்கிளைகளை நோக்கிக் கண்டபடி இழுத்துக் கட்டிய நூல்கள். பறந்து வரும் பூச்சி மேலே இருக்கிற நூல்களில் மோதித் தடுமாறிக் கீழே இருக்கிற கூடையில் விழும். கூடைக்குள் ஆங்காங்கே காய்ந்த இலைகள். மழையும் வெயிலும் அடிக்கும்போது சிலந்திகள் அந்த இலைகளுக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும். முட்டைப் பைகளும் அங்கேதான். இப்படி ஒரு வலை பல மீட்டர் நீளத்துக்குப் போகும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு, மரத்தின் மேல் யாரோ கொசுவலையைத் தூக்கிப் போட்ட மாதிரிதான் தெரியும்.

இந்த வலைக்குத் தனி உரிமையாளர் கிடையாது. 'இது என் பாகம், அது உன் பாகம்' என்ற பிரிவினையும் கிடையாது. கிழிந்தால் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் தைப்பார்கள். வேட்டை கூட்டாக, சாப்பாடு கூட்டாக. பிள்ளை வளர்ப்பும் கூட்டாகத்தான். ஒருத்தி இட்ட முட்டைப் பையை இன்னொருத்தி காவல் காப்பாள். குஞ்சு பொரிந்து வந்தால், 'இது யார் பெற்றது?' என்று கேட்காமல் தன் வாயிலிருந்து உணவைக் கக்கி ஊட்டுவாள்.

கூட்டம் வேறு, குடும்பம் வேறு

இது ஏன் அதிசயம் என்று கேட்கலாம். எறும்பு செய்யவில்லையா? தேனீ செய்யவில்லையா? செய்கின்றன. ஆனால் சிலந்தி செய்வதுதான் அதிசயம். உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000க்கும் மேல். அதில் இப்படி வாழ்நாள் முழுக்கச் சேர்ந்து வாழ்கிறவை ஏறக்குறைய இரண்டு டஜன்தான். மற்றவை எல்லாம் தனிக்கட்டைகள். பக்கத்தில் இன்னொரு சிலந்தி வந்தால் அது சொந்தமில்லை, சாப்பாடு. சில இனங்களில் மாப்பிள்ளைக்கே அந்தக் கதிதான்.

சிலந்திகள் ஒரே இடத்தில் குவிவது வேறு விஷயம். 1833ல் சார்லஸ் டார்வின் அர்ஜென்டினா வழியாகப் பயணம் செய்தபோது கூட்டமாக வாழும் சிலந்திகளைப் பார்த்து ஆச்சரியப்பட்டு எழுதி வைத்தார். அவை ஆளுக்கொரு வட்ட வலை கட்டிக்கொள்கிற வகை. சட்டம் பொது, வலை தனி. அபார்ட்மெண்ட் மாதிரி, மாடிப்படி பொது, அடுப்பு தனி.

2007ல் அமெரிக்காவின் டெக்சாஸில், டவாகோனி ஏரிக் கரையில் மரங்களை எல்லாம் மூடிய ஒரு பிரமாண்ட வலை செய்திகளில் வந்தது. 2025ல் அல்பேனியா-கிரீஸ் எல்லையில் ஒரு கந்தகக் குகைக்குள் 100 சதுர மீட்டருக்கும் மேல் பரவிய வலையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகள் இருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். இரண்டுமே பார்க்க பயங்கரம்தான். ஆனால் இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான். பூச்சி ஏராளமாகக் கிடைத்தது, அதனால் வேறு வேறு இனச் சிலந்திகள் அங்கே குவிந்தன. கல்யாணப் பந்தியில் கூட்டம் இருக்கிறது என்பதற்காக அது குடும்பம் ஆகிவிடுமா? சாப்பாடு தீர்ந்தால் பந்தி கலைந்துவிடும்.

மழைக்காட்டுக் கூட்டுச் சிலந்தி அப்படி இல்லை. அது பந்தியில் வந்து உட்கார்ந்தது அல்ல, அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டது. இதன் நெருங்கிய உறவினங்கள் பலவற்றில் தாய் தன் குஞ்சுகளைக் கொஞ்ச நாள் கூடவே வைத்து ஊட்டி வளர்க்கும். பருவம் வரும் நேரத்தில் அவை பிரிந்து தனித்தனியாகப் போய்விடும். கூட்டுச் சிலந்தியில் அந்தக் கடைசி வேலை மட்டும் நடப்பதில்லை. பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவதை நிறுத்திவிட்டார்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை. நல்லதும் அதிலிருந்துதான், கெட்டதும் அதிலிருந்துதான்.

எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க!

நல்லதை முதலில் பார்ப்போம். ஐந்து மில்லிமீட்டர் சிலந்தி தனியாக என்ன பிடிக்க முடியும்? கொசு, சின்ன ஈ, அவ்வளவுதான். ஆனால் இந்த வலையில் வெட்டுக்கிளி விழும், பெரிய அந்துப்பூச்சி விழும், வண்டு விழும். சிலந்தியின் உடம்பைப் போலப் பல மடங்கு பெரியவை. அவற்றை நூற்றுக்கணக்கில் சேர்ந்து போய் அமுக்கும்.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருக்கிறது. இந்தச் சிலந்திகளுக்குக் கண் பார்வையை நம்பிப் பயனில்லை. வலையின் அதிர்வுதான் எல்லாம். வெட்டுக்கிளி எங்கே துடிக்கிறது என்பதை நூலின் அதிர்வை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் நூறு சிலந்திகள் ஒரே நேரத்தில் ஓடினால்? அவற்றின் காலடி அதிர்விலேயே வெட்டுக்கிளியின் அதிர்வு அமுங்கிப்போகும். லெக்சரர் வருவதற்கு முன் வகுப்பறையில் யார் என்ன சொன்னாலும் கேட்காதே, அந்த மாதிரி.

அதற்கு அவை கண்டுபிடித்த வழி, எல்லாம் சேர்ந்து ஓடுவது, எல்லாம் சேர்ந்து நிற்பது. ஓட்டம், நிசப்தம், ஓட்டம், நிசப்தம். நிற்கிற நேரத்தில் வலை அமைதியாகும், இரை எங்கே என்று தெளிவாகத் தெரியும், மறுபடி ஓடும். பிரெஞ்சு கயானாவில் இந்தச் சிலந்திகளைப் படம் பிடித்து ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2022ல் இதை வெளியிட்டார்கள். யாரும் விசில் அடிப்பதில்லை. தலைவி கிடையாது, ராணி கிடையாது. ஒவ்வொரு சிலந்தியும் தனக்கு வருகிற அதிர்வில் இரையின் பங்கு எவ்வளவு, கூட்டாளிகளின் சத்தம் எவ்வளவு என்று பார்த்து நிற்கிறது, நகர்கிறது. அவ்வளவுதான் விதி. அதிலிருந்தே அந்த ஒழுங்கு வந்துவிடுகிறது.

மைசூர்பாகுக் கணக்கு

சரி, சேர்ந்து வாழ்ந்தால் லாபம் என்றால், எவ்வளவு பேர் சேர்கிறார்களோ அவ்வளவு நல்லதுதானே? இங்கேதான் கணக்கு வருகிறது.

எட்டு மைசூர்பாகுத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரே அளவு கனசதுரம். தனித்தனியாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கம், மொத்தம் 48 பக்கம் வெளியே தெரியும். அவற்றை இரண்டுக்கு இரண்டாக அடுக்கி ஒரே பெரிய கட்டியாக ஆக்கினால் வெளியே தெரிவது 24 பக்கம் மட்டும். மைசூர்பாகு குறையவில்லை, வெளிப்பரப்பு பாதியாகிவிட்டது. பெருக்கப் பெருக்க, உள்ளே இருப்பது வேகமாகக் கூடும். வெளிப்பரப்பு அந்த வேகத்தில் கூடாது.

சிலந்தி வலையும் அப்படித்தான். பூச்சி வந்து மோதுவது வலையின் வெளிப்பரப்பில். சாப்பிடுகிற வாய்கள் இருப்பது உள்ளே. குடும்பம் பெருகப் பெருக, ஒரு சிலந்தியின் பங்குக்கு வரும் வலைப்பரப்பு குறைந்துகொண்டே போகும். அதாவது தலைக்கு இத்தனை பூச்சி என்கிற கணக்கு விழுந்துகொண்டே போகும்.

ஈக்வடார் காடுகளில் இந்தச் சிலந்திகளைப் பல வருடங்களாக ஆராய்ந்தவர் லெட்டீசியா அவிலேஸ். அவரும் எரிக் யிப், கிம்பர்லி பவர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2008ல் இந்தக் கணக்கைக் காட்டில் போட்டுப் பார்த்தார்கள். எதிர்பார்த்த மாதிரியே தலைக்கு வரும் பூச்சிகளின் எண்ணிக்கை, குடும்பம் பெரிதாகப் பெரிதாகக் குறைந்தது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. பிடிபடும் பூச்சியின் அளவு கூடிக்கொண்டே போனது. ஆள்பலம் கூடினால் பெரிய இரையை விடாமல் அமுக்க முடிகிறது அல்லவா?

எவ்வளவு முக்கியம் அந்தப் பெரிய இரை? பிடித்த பூச்சிகளின் எண்ணிக்கையில் பெரியவை வெறும் 8 சதவீதம். ஆனால் சாப்பிட்ட மொத்த எடையில் 75 சதவீதம் அவற்றிலிருந்து வந்தது. மேனேஜ்மெண்ட் புத்தகங்களில் 80-20 விதி என்று ஒன்று வருமே, பரேட்டோ பெயரில்... அது இந்த வலையில் இன்னும் கூர்மையாக இருக்கிறது. நூறு வாடிக்கையாளர்களில் எட்டுப் பேர் முக்கால்வாசி வியாபாரத்தைக் கொடுக்கிற கடையை நினைத்துப் பாருங்கள். அந்த எட்டுப் பேர் வராவிட்டால் கடை என்ன ஆகும்?

இதிலிருந்து, இந்தச் சிலந்தி ஏன் தாழ்வான மழைக்காட்டில் மட்டும் செழிக்கிறது என்பதும் புரியும். பெரிய பூச்சிகள் நிறையப் பறப்பது அங்கேதான். ஆண்டிஸ் மலை மேலே ஏற ஏறப் பூச்சிகள் சிறுத்துப்போகும். பெரிய வாடிக்கையாளர் இல்லாத ஊரில் பெரிய கடை நிற்காது. அங்கே தனியாகவும் சின்னக் குடும்பமாகவும் வாழும் உறவினங்கள்தான் இருக்கின்றன. அவை கீழே இறங்கி வர முடியாததற்கும் காரணம் உண்டு. கீழே அடிக்கிற மழையில் தனிச் சிலந்தியின் வலை நாளுக்கு நாள் கிழிந்துபோகும், போதாக்குறைக்கு எறும்புப் படை. அதைத் தைத்துத் தைத்து நிமிர ஆயிரம் கை வேண்டும். மன்னிக்க, எட்டாயிரம் கால் வேண்டும்.

ஆனால் பெரிய இரையும் எல்லை இல்லாமல் கைகொடுக்காது. காட்டில் இருக்கிற பூச்சியை விடப் பெரிய பூச்சியைப் பிடிக்க முடியாது. அதே 2008 ஆய்வில், தலைக்குக் கிடைக்கும் உணவின் எடை நடுத்தர அளவுக் குடும்பங்களில் உச்சத்துக்குப் போய், அதற்கு மேல் இறங்கிவிட்டது. எகனாமிக்ஸ் வகுப்பில் கரும்பலகையில் வரைவார்களே ஒரு குன்று, ஏறி இறங்கும் கோடு... அது மரத்தில் தொங்குகிறது.

பட்டினி கிடக்கும் பங்குதாரர்கள்

உணவு குறைந்தால் யார் வயிறு காயும்? எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று நினைத்தால், அது நடப்பதில்லை. சிலர் நன்றாகச் சாப்பிட்டு முட்டை இடுகிறார்கள், பலர் கடைசி வரை இடுவதே இல்லை. அவிலேஸும் பால் துஃபினோவும் 1998ல் எழுதியது இதைத்தான். குடும்பம் பெரிதாக இருந்தால் குஞ்சு பிழைத்து வளரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் வளர்ந்த பெண், தானும் தாயாகும் வாய்ப்பு குறைகிறது. இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் அங்கேயும் அதே குன்று. உச்சி நடுவில்.

தேனீயில் ராணி, வேலைக்காரி என்று புழுப் பருவத்திலேயே பிரிவு உண்டு. இங்கே அது இல்லை. பிறக்கும்போது எல்லாரும் சமம். பங்குப் பத்திரம் எல்லார் கையிலும் இருக்கிறது, டிவிடெண்ட் மட்டும் சிலருக்கு வருகிறது. முட்டை இடாதவர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறுவதும் இல்லை. அவர்கள் தொடர்ந்து வலை தைக்கிறார்கள், வேட்டைக்குப் போகிறார்கள், அடுத்தவள் பிள்ளைக்கு ஊட்டுகிறார்கள். அந்தப் பிள்ளையும் அக்கா மகள்தான், அதன் ரத்தமும் ஏறக்குறைய தன் ரத்தம்தான் என்பது உயிரியல் சொல்லும் ஆறுதல்.

வெளியேறினால் மட்டும் என்ன? கருவுற்ற ஒருத்தி தனியாகப் போய்ப் புதிதாக ஆரம்பித்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. மேலே சொன்ன மழையும் எறும்பும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. ஆக, உள்ளே இருந்தால் தாயாகாமல் போகலாம், வெளியே போனால் உயிரே போகலாம். இதைத் தியாகம் என்று சொல்வதா, வேறு வழியில்லாமை என்று சொல்வதா? கூட்டுக் குடும்பத்தில் கல்யாணம் ஆகாமல் எல்லார் பிள்ளைகளையும் வளர்த்த அத்தைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அந்த அத்தையை வீடே கொண்டாடும். ஆனால் அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நூறு பெண்ணுக்குப் பத்து ஆண்

இனி விலை. இந்த வலையில் ஆண்கள் மிகக் குறைவு. நூறு பெண்ணுக்கு ஏறக்குறைய பத்து ஆண். பிறந்த பிறகு செத்துக் குறைவதில்லை, முட்டையிலேயே அப்படித்தான். சிலந்திக் கருக்களின் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்து இதை உறுதி செய்திருக்கிறார்கள்.

காரணம் கொஞ்சம் குரூரமானது. ஆண் சிலந்தி வலை கட்டாது, வேட்டைக்கும் பெரிதாக உதவாது. குடும்பத்தைப் பெருக்குவது பெண்கள்தான். பெண் பிள்ளை அதிகம் பெறுகிற குடும்பம் வேகமாக வளரும், மற்றவற்றை முந்தும். வெட்டிச் செலவைக் குறைத்த கம்பெனி மாதிரி. பசங்க யாரும் மனசைத் தளர விட வேண்டாம், இது சிலந்தியைப் பற்றி மட்டும்தான்.

ஆனால் பத்து ஆண் போதும் என்று எப்போது ஆகும்? வெளியூர்ப் பெண் தேடிப் போக வேண்டியதில்லை என்கிறபோதுதான். இந்த ஆண்கள் எங்கேயும் போவதில்லை. அதே வலைக்குள், தன்னோடு பிறந்தவர்களோடுதான் இணைகிறார்கள். தலைமுறை தலைமுறையாக இதேதான். வீட்டை விட்டுப் போவதை நிறுத்திய பிள்ளைகள் என்று சொன்னோமே, அதன் மறுபக்கம் இது. யாரும் வெளியே போகவில்லை என்றால், வெளியிலிருந்தும் யாரும் உள்ளே வரவில்லை.

அதனால் ஒரு வலைக்குள் இருக்கிற ஆயிரக்கணக்கான சிலந்திகளும் மரபணுவில் ஏறக்குறைய நகல் எடுத்த மாதிரி. குடும்பம் பெருத்தால் பக்கத்து மரத்துக்குப் போகும். வலையின் ஒரு பகுதி பிரிந்து தனியாகும், அல்லது கருவுற்ற பெண்கள் சிலர் நூல் பிடித்து நகர்ந்து புது வலை போடுவார்கள். கூட வருகிறவர்கள் அதே அக்கா தங்கைகள், வயிற்றில் இருப்பது அதே வீட்டுக் குழந்தைகள். மரத்தில்தான் கிளை மாறுகிறது. வியாபாரத்தில் அது அதே பழைய கம்பெனியின் இன்னொரு கிளை.

தேய்மானம் எழுதாத கணக்கு

இப்போது தலைப்புக்கு வரலாம்.

ஒரு கம்பெனி வருடா வருடம் லாபம் காட்டுகிறது, டிவிடெண்ட் கொடுக்கிறது. ஆனால் மெஷினுக்குத் தேய்மானம் மட்டும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் எல்லாம் பச்சை. உள்ளே மெஷின் தேய்ந்துகொண்டே இருக்கிறது. கொடுக்கிற டிவிடெண்ட் உண்மையில் லாபத்திலிருந்து வரவில்லை, முதலிலிருந்து வருகிறது. ஒருநாள் மெஷின் நிற்கும்போதுதான் தெரியும், இத்தனை வருடம் சாப்பிட்டது விளைச்சலை அல்ல, விதை நெல்லை என்று. இந்தியாவின் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 123ஆம் பிரிவு, தேய்மானத்தைக் கழித்த பிறகு நிற்கும் லாபத்திலிருந்துதான் டிவிடெண்ட் கொடுக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். மனிதர்களை நம்பாமல்தான் சட்டம் போட்டார்கள்.

கூட்டுச் சிலந்தியின் மெஷின், அதன் மரபணு வேறுபாடு. ஒரு பூஞ்சைக் காளானோ ஒட்டுண்ணியோ தாக்கினால், ஆயிரம் பேர் ஆயிரம் விதமாக இருந்தால் நூறு பேராவது தப்பிப்பார்கள். எல்லாரும் ஒரே மாதிரி இருந்தால் ஒன்று எல்லாரும் தப்பிப்பார்கள், இல்லை எல்லாரும் போவார்கள். உள்ளேயே இணைவதால் கிடைக்கும் லாபம் இன்றைக்கே தெரிகிறது. துணை தேடி அலைய வேண்டாம், ஆணுக்குச் செலவழிக்க வேண்டாம், குடும்பம் மளமளவென்று பெருகும். நஷ்டமோ எந்த வருடக் கணக்கிலும் தெரியாது. தெரியும்போது முழுசாகத் தெரியும். இந்தக் குடும்பங்கள் அடிக்கடி அழிந்துபோவதைக் காட்டில் பார்த்திருக்கிறார்கள். கொஞ்ச காலம் வெடிப்பாய் வளரும், அப்புறம் காலி. காய்ந்த இலைகளோடு ஆளில்லாத கூடை தொங்கும்.

ஒரு குடும்பம் அழிவது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் இனிமேல்தான். 2006ல் இங்கி அக்னார்ஸன், அவிலேஸ், இன்னும் இருவர் சேர்ந்து இந்தச் சிலந்திகள் சேர்ந்த குடும்பத்தின் வம்சாவளி மரத்தை வரைந்து பார்த்தார்கள். கூட்டு வாழ்க்கை ஒரே இடத்தில் தோன்றிப் பரவியதாக அதில் இல்லை. பல தடவை, தனித்தனியாக, வேறு வேறு கிளைகளில் தோன்றியிருக்கிறது. அப்படி என்றால் நல்ல யோசனைதானே? ஆனால் அந்தக் கிளைகளைப் பார்த்தால் எல்லாம் மரத்தின் நுனியில், மெலிந்த ஒற்றைத் தளிர்களாக நிற்கின்றன. ஒரு கூட்டுச் சிலந்தி இனத்திலிருந்து இன்னொரு இனம், அதிலிருந்து இன்னொன்று என்று அவை செழித்துப் பெருகவில்லை. பழைய, பருத்த கிளை ஒன்றுகூட இல்லை. ஆரம்பித்தவர்கள் எல்லாரும் சீக்கிரமே முடிந்துபோயிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இதைப் பரிணாமத்தின் முட்டுச்சந்து என்று சொல்லியிருக்கிறார்கள்.

இது அமேசானில் மட்டும் நடக்கிற கதையும் அல்ல. இந்தியா, இலங்கையின் வறண்ட முட்புதர்களில் ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம் என்ற இன்னொரு கூட்டுச் சிலந்தி வாழ்கிறது. அமேசான் சிலந்திக்கு இது ஒட்டும் இல்லை உறவும் இல்லை, வேறு குடும்பம். மழையில்லாத காடு, வேறு பூச்சிகள். ஆனால் கதை அச்சு அசல் அதே. கூட்டு வலை, பெண்கள் மிகுதி, வெளியே போகாத இணைவு, மிகக் குறைந்த மரபணு வேறுபாடு. இந்த வகைச் சிலந்திகளில் தாயின் தியாகம் இன்னும் ஒரு படி மேல்: கடைசியில் குஞ்சுகள் தாயையே தின்றுவிடும். எங்கே இந்தக் கடையைத் திறந்தாலும் கணக்குப் புத்தகம் ஒரே கையெழுத்தில் இருக்கிறது.

குற்றவாளி யார்?

இதில் யாரைத் திட்டுவது? வலையில் ஒரு சிலந்திகூடச் சோம்பேறி இல்லை, திருடி இல்லை. எல்லாரும் அடுத்தவர் பிள்ளைக்கு ஊட்டுகிறவர்கள். ஒவ்வொரு தலைமுறையும் தன்னால் முடிந்த மிகச் சிறந்த முடிவைத்தான் எடுத்தது. வெளியே மழை, எறும்பு, சாவு. உள்ளே சாப்பாடு, காவல், சொந்தம். எந்தப் புத்தியுள்ள சிலந்தி வெளியே போகும்? ஒவ்வொரு வருடமும் சரியாக இருந்த முடிவுகளைக் கூட்டிப் பார்த்தால் தவறான விடை வருகிறது. கஷ்டம் அங்கேதான்.

ஒற்றுமையே பலம் என்பது எல்லாருக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். அந்தப் பாடம் பொய்யில்லை. வெட்டுக்கிளியைக் கேட்டால் சொல்லும். ஆனால் சிலந்திகளை அழிப்பது ஒற்றுமை அல்ல, கதவை மூடியது. இந்த இரண்டும் ஒன்றில்லை. எறும்பும் தேனீயும் கோடிக்கணக்கான வருடங்களாகக் கூட்டாகத்தான் வாழ்கின்றன. ஆனால் வருடத்தில் ஒருமுறையாவது இறக்கை முளைத்த இளசுகளை வெளியே அனுப்புகின்றன. மழை பெய்த மறுநாள் விளக்கைச் சுற்றிப் பறக்கும் இறக்கை எறும்புகள் அப்படி வந்தவைதான். அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகும், காலையில் விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளுவார்கள். பார்க்க வெட்டிச் செலவு மாதிரி இருக்கும். அதுதான் அவை வருடா வருடம் எழுதுகிற தேய்மானம். அந்தச் செலவை எழுதியதால்தான் கடை இன்னும் திறந்திருக்கிறது.

கூட்டுச் சிலந்தி அந்தச் செலவை மிச்சம் பிடித்தது. அதனால் அது இன்றைக்கு ஈக்வடாரில் ஏதோ ஒரு மரத்தில் பெரிய வலையோடு, நிறையச் சாப்பாட்டோடு, ஆயிரம் அக்கா தங்கைகளோடு நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வருடப் பேலன்ஸ் ஷீட்டில் ஒரு குறையும் இல்லை.